கொல்லைப்புறத்துக் காட்டுயிர்: வீட்டை விட்டு நகராமல் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

நான் செய்த முதல் தப்பு, முதலில் லென்ஸை வாங்கியது. வாங்கிவிட்டால் கை சும்மா இருக்குமா? விடுமுறை விட்டால் காட்டுப்பக்கம் ஓடுவது, குலுங்குகிற வண்டியில் உட்கார்ந்து ஐந்நூறு படம் எடுப்பது, வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்து நாலு கூடத் தேறவில்லை என்று தலையில் கைவைப்பது, இப்படியே ஒரு வருடம் போனது. அந்த வருடத்தில் நான் எடுத்த ஒரே நல்ல படம், துணி காயப்போடப் போனபோது மதில்மேல் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஓணான். அதுவும் கைபேசியில் எடுத்தது.

அது மட்டும் ஏன் நன்றாக வந்தது என்று பிறகு யோசித்தேன். அந்த ஓணானை எனக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான். காலையில் வெயில் மதிலில் விழுந்ததும் அதே கல்லில் வந்து படுக்கும், பக்கவாட்டில் போனால் ஓடும், எதிரே மெதுவாகப் போனால் பொறுத்துக்கொள்ளும். காட்டில் இன்று பார்த்த விலங்கை நாளைக்கும் அதே மரத்தடியில் பார்ப்பேன் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, வீட்டில் அநேகமாகச் செய்யலாம். இன்று கோட்டைவிட்ட படத்தை நாளை எடுக்கலாம், நாளையும் விட்டால் அடுத்த வாரம். இந்த ஒரு வசதியை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதுதான் கீழே இருக்கிற எல்லாமே. கேமரா செட்டிங்ஸ் கொஞ்சம் தள்ளித்தான் வரும், அவசரப்படாதீர்கள்.

"எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, நாலு காக்கையும் ஒரு பூனையும்தானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், சாதாரணப் புறநகர் வீட்டுத் தோட்டம் ஒன்றில், 1972 முதல் 30 வருடம் விடாமல் பதிவு செய்துகொண்டே வந்தார். செடிகொடிகளையும் சேர்த்து மொத்தம் 2,673 வகை. அதில் பூச்சிகள் மட்டும் 1,997. பறவை, தவளை, பாலூட்டி என்று முதுகெலும்புள்ளவை எல்லாம் சேர்ந்தே 64 தான். ஆக, கொல்லைப்புறம் காலியாகத் தெரிகிறது என்றால் நாம் பெரிய உருவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

படி 1: ஒரு வாரம் வெறும் கண்ணால் பாருங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி ஒரே இடத்தில் உட்காருங்கள். யார் வந்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து, முதலில் எங்கே உட்கார்ந்தது, அப்புறம் எங்கே போனது, இவ்வளவும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் "வால் நீளமான பழுப்புக் குருவி" என்று எழுதினாலும் சரி.

மூன்றாவது நாளிலேயே ஒழுங்கு ஒன்று தெரிய ஆரம்பிக்கும். அணில் எப்போதும் ஒரே கிளை வழியாகத்தான் மதிலுக்கு இறங்கும். குருவி தண்ணீருக்கு நேரே வருவதில்லை, முதலில் பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்தக் குச்சிதான் உங்கள் படம், தண்ணீர்த் தட்டு இல்லை. தட்டானை விரட்டிவிட்டாலும் ஒரு சுற்றுச் சுற்றி அநேகமாக அதே நுனிக்கே திரும்பும், ஆகவே துரத்தாமல் அந்த நுனியிலேயே ஃபோகஸை வைத்துக்கொண்டு நின்றால் போதும்.

காதையும் பயன்படுத்துங்கள். அணிலோ குருவிகளோ திடீரென்று விடாமல் கத்த ஆரம்பித்தால் பூனை, பாம்பு, வல்லூறு என்று ஏதோ ஒன்று பக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்த ஆந்தைகளில் பாதியைக் காட்டிக்கொடுத்தது காக்கைகள்தான்.

நோட்டில் இன்னொரு பக்கத்தில் வெளிச்சத்தைக் குறித்துவையுங்கள். எந்த மூலைக்கு எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எப்போது நிழலாகிறது என்று. மாதம் மாற மாற சூரியன் நகர்வதால் இதுவும் மாறும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வருகிறவர்களைத் தங்கவைப்பது

எல்லாரும் முதலில் தானியத்தைத் தூவுவார்கள். நான் தண்ணீரில் ஆரம்பிக்கச் சொல்வேன். தானியத்துக்கு வராத பூச்சிதின்னிப் பறவைகள்கூடத் தண்ணீருக்கு வரும், குளிக்கும், குளித்துவிட்டுச் சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பைவிட நல்ல படம் கொல்லைப்புறத்தில் வேறு கிடையாது. தட்டு அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கட்டும், 3 முதல் 5 செ.மீ. தண்ணீர் போதும். தட்டு வழுவழுப்பாக இருந்தால் உள்ளே சொரசொரப்பான கல் ஒன்றைப் போடுங்கள், குட்டிக் குருவி கால் ஊன்ற வேண்டும். மேலே ஒரு பாட்டிலைக் கட்டித் துளித்துளியாகச் சொட்டவிட்டால் அந்தச் சத்தத்துக்கே வருகிறவர்கள் உண்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சூடான பருவத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம், பத்து நாள் போதும். கழுவாத தட்டில் கொசுவும் வரும், பறவைகளுக்கிடையே நோயும் பரவும்.

தானியம் வைப்பதானால் கொஞ்சமாக, அன்றன்று தீர்கிற அளவுக்கு. உப்பு போட்டது, பூஞ்சை பிடித்தது, ரொட்டித் துண்டு, பால் எல்லாம் வேண்டாம். ஈரமான பழைய தானியம் விஷத்துக்குச் சமம்.

பட்டாம்பூச்சிக்குப் பூச்செடி வைத்தால் வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டும் என்றால் அதன் புழு தின்கிற செடி வேண்டும். ஒவ்வொரு வகையும் குறிப்பிட்ட சில செடிகளில்தான் முட்டையிடும். எலுமிச்சைக் குடும்பத்துச் செடியைத் தேடிச் சில அழகிகள் வருவார்கள், எருக்குக் குடும்பத்தைத் தேடி வேறு சிலர். புழு இலையைத் தின்று செடியை மொட்டையடிக்கும், பதறாதீர்கள், அதற்குத்தானே வைத்தோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு விரிவது என்று ஒரு தொட்டிச் செடியிலேயே மாதக்கணக்கில் எடுக்கப் படம் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு மூலையையாவது பெருக்காமல் விட்டுவிடுங்கள். சருகு, பட்ட கிளை, கவிழ்த்த உடைந்த தொட்டி, இவற்றுக்கு அடியில்தான் பூரானும் தேரையும் அரணையும் இருக்கும். அங்கே வெறுங்கையை விடாதீர்கள், குச்சியால் புரட்டுங்கள், பார்த்தபிறகு இருந்தபடியே மூடிவிடுங்கள். பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத்தில் இந்த வழிகாட்டி வேலை செய்யாது.

கண்ணாடி ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. பறவைக்குக் கண்ணாடி தெரியாது, அதில் தெரிகிற மரத்தைத்தான் பார்க்கும், வேகமாக வந்து மோதும். தண்ணீரையும் தீனியையும் ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், வேகம் எடுக்கும் முன் மோதினால் பெரிய அடி படாது. இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால் தள்ளிவையுங்கள். நடுவில்தான் ஆபத்து. வைக்க வேறு இடமே இல்லை என்றால் கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் சின்னச் சின்னப் புள்ளிகளை வரிசையாக ஒட்டிவிடுங்கள்.

படி 3: மேடை கட்டுவது

இந்தப் படியில்தான் படம் பாதி முடிந்துவிடுகிறது. இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தால் அப்புறம் கணினியில் பத்து ஞாயிறு மிச்சம்.

குருவி அழகாகத்தான் உட்கார்ந்திருக்கும். பின்னால் பிளாஸ்டிக் வாளி, தண்ணீர்க் குழாய், காயப்போட்ட துண்டு. இதுதான் தொண்ணூறு சதவீத வீட்டுப் படங்களின் பிரச்சினை, லென்ஸ் இல்லை. பின்னணி கரைந்துபோக வேண்டும் என்றால் பறவைக்கும் உங்களுக்கும் இருக்கிற தூரம் குறைவாகவும், பறவைக்கும் பின்னணிக்கும் இருக்கிற தூரம் அதிகமாகவும் இருக்க வேண்டும். மதிலுக்கு அரை மீட்டர் முன்னால் குச்சியை நட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் செங்கல் கோடு தெரியும். அதே குச்சியை மதிலிலிருந்து நாலைந்து மீட்டர் முன்னுக்குக் கொண்டுவந்தால் சாதாரண ஜூமிலேயே மதில் வெறும் நிறமாகிவிடும்.

செய்யவேண்டியது இப்படி. முதலில் நீங்கள் உட்காரப்போகிற இடத்தை முடிவு செய்யுங்கள், காலை என்றால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி. அங்கே உட்கார்ந்து கேமரா வழியாக எதிரே பாருங்கள், பின்னால் தூரத்தில் செடியோ நிழலோ ஒரே நிறமாகத் தெரிகிற இடம் எது என்று தேடுங்கள். அந்தக் கோட்டில், உங்களிடமிருந்து நாலு மீட்டரில் கிளையை நடுங்கள். ஏன் நாலு? கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் வைத்து நாலு மீட்டரில் பார்த்தால் ஏறக்குறைய 31 செ.மீ. அகலம் படத்துக்குள் வரும். சிட்டுக்குருவி 15 செ.மீ. நீளம். சட்டகத்தில் பாதி குருவி, பாதி இடம், அளவெடுத்துத் தைத்த மாதிரி. உங்கள் லென்ஸ் 200 மி.மீ. என்றால் இரண்டரை மீட்டருக்கு வாருங்கள். ஆனால் அதற்கு முன் லென்ஸ் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமா என்று பார்த்துவிடுங்கள், சில பெரிய ஜூம்களுக்கு இரண்டரை மீட்டருக்குள் எதுவும் தெரியாது.

கிளையின் உயரம் உங்கள் லென்ஸின் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். கண்ணுக்குக் கண் பார்க்கிற படத்துக்கும் மேலிருந்து குனிந்து எடுத்த படத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தடிமன் அந்தப் பறவையின் கால் பற்றுகிற அளவுக்கு இருந்தால் போதும், தேன்சிட்டை உலக்கை மாதிரிக் கட்டையில் உட்காரவைத்தால் கட்டையின் படம்தான் கிடைக்கும். பாசி படர்ந்தது, பட்டை உரிந்தது, கொடி சுற்றியது என்று நல்ல கிளை எங்கே கிடந்தாலும் எடுத்துவந்து வைத்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது, வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை கிளையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் ஒரே குச்சியில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்று, சுற்றியிருக்கிற மற்ற உட்காரும் இடங்களைக் குறைப்பது. தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் உங்கள் கிளை ஒன்றுதான் வசதியாக இருக்கிறது என்றால் வேறு வழியில்லாமல் அதில்தான் உட்காரும். அதேசமயம் இரண்டு மூன்று மீட்டருக்குள் ஒளிந்துகொள்ள அடர்ந்த செடி ஒன்று இருக்க வேண்டும். வெட்டவெளிக்குக் குருவி வராது, ஆனால் பூனை பதுங்கும் அளவுக்குப் புதரை ஒட்டியும் தட்டை வைக்கக்கூடாது.

படி 4: மறைவது

ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் என்று இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள், நூறு வருடத்துக்கு மேலாகிறது, பறவைகளைக் கிட்டத்தில் எடுப்பதற்காக மாட்டுத் தோலைப் பாடம் செய்து, உள்ளே குடைவாக்கி, அந்தப் பொம்மை மாட்டுக்குள் கேமராவோடு நுழைந்துகொண்டு வயலில் நின்றார்கள். உங்களுக்கு அவ்வளவு கஷ்டமில்லை, வீடே உங்கள் மாடு. ஜன்னலில் துணியைத் தொங்கவிட்டு லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை போடுங்கள், வேலை முடிந்தது.

ஜன்னலைத் திறந்து எடுப்பதுதான் நல்லது. கண்ணாடி வழியாகத்தான் எடுக்கவேண்டும் என்றால் இருபக்கமும் துடைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, லென்ஸின் முன்வளையமான ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டி நேராக வையுங்கள். சாய்வாக எடுத்தால் படம் இரட்டையாகவும் மங்கலாகவும் வரும்.

வெளியே என்றால் பழைய போர்வையும் நாலு கம்பும் போதும். அதை ஒரு வாரம் முன்னாலேயே கட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், உருவம் பழகட்டும். மங்கலான நிறத்துணி நல்லது. நிறத்தைவிட அசைவுதான் காட்டிக்கொடுக்கும், லென்ஸைத் திருப்புவதைக்கூடக் கடிகார முள் மாதிரி மெதுவாகத் திருப்புங்கள். அவை வருகிற நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும், நோட்டு எதற்கு என்று இப்போது புரியும்.

முதல் தடவை வந்து உட்கார்ந்தவுடன் பட்டனை அழுத்தாதீர்கள். ஷட்டர் சத்தத்தில் ஓடிவிட்டால் அந்த நாள் முழுக்க வராமல் போகலாம். ஒருமுறை வந்து தண்ணீர் குடித்து நிம்மதியாகப் போகட்டும். இரண்டாவது தடவை ஒரே ஒரு படம். மூன்றாவது தடவை உங்கள் இஷ்டம்.

படி 5: எதைக் கொண்டு எடுப்பது

கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்றாலும் ஆரம்பிக்கலாம், அதன் டிஜிட்டல் ஜூமை மட்டும் தொடாதீர்கள். பறவையிடம் நீங்கள் போவதற்குப் பதிலாகக் கைபேசியைப் போகச் சொல்லுங்கள். தண்ணீர்த் தட்டுக்கு அரை மீட்டரில் கல்லுக்கு முட்டுக்கொடுத்து வைத்து, புளூடூத் ரிமோட்டில் எடுங்கள், அல்லது 4கே வீடியோவை ஓடவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டகமும் 8 மெகாபிக்சல், நல்ல ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். அகலமான லென்ஸ் என்பதால் வீடும் வானமும் சேர்ந்தே வரும், அது ஒரு தனி அழகு, பெரிய ஜூமில் அது கிடைக்காது.

கேமரா என்றால் பழைய கிராப் சென்சார் உடம்பும் 70-300 மி.மீ. லென்ஸும் வீட்டுக்குத் தாராளம். 100-400, 150-600 எல்லாம் வசதிதான், ஆனால் நாலு மீட்டரில் பறவையை உட்காரவைக்கத் தெரிந்தவருக்குக் கட்டாயமில்லை. ட்ரைபாடுக்குப் பதிலாகத் தானியமோ மணலோ நிரப்பிய பையை ஜன்னல் திண்டில் போட்டு அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள், அதைவிட நிலையான தாங்கி கிடையாது.

படி 6: செட்டிங்ஸ்

மேனுவல் மோடில் ஷட்டரையும் (படம் பதிகிற நேரம்) அபர்ச்சரையும் (லென்ஸ் திறக்கிற அளவு) நீங்கள் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். அபர்ச்சர் லென்ஸ் தருகிற அகலத்தில், எஃப் 5.6 அல்லது 6.3. ஷட்டர் அமைதியாக உட்கார்ந்திருக்கிற பறவைக்கு 1/500 நொடி, அணிலுக்கு 1/1000, குளித்துச் சிலிர்க்கிற பறவைக்கும் பறக்கப்போகிற பறவைக்கும் 1/2000, இன்னும் சின்னக் குருவியின் சிறகு நிற்க வேண்டும் என்றால் 1/3200. லென்ஸில் இருக்கிற ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், குருவியின் தலை திரும்புவதை நிறுத்தாது, இது தெரியாமல் 1/125-இல் எடுத்து எடுத்துக் கேமராவைத் திட்டியவன் நான். ஐஎஸ்ஓ 3200 போகிறதே என்று பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக இருக்கிற கூர்மையான படத்தைச் சரிசெய்யலாம், வழவழப்பான மங்கல் படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ என்று இருக்கும், நிகானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. கண்ணைக் கண்டுபிடிக்கிற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியை வைத்துக் கண்ணில் குறிவையுங்கள். கண் கூர்மையாக இருந்து வால் மங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், நேர்மாறாக நடந்தால் படம் குப்பைக்கு. கண்ணில் வெளிச்சப் புள்ளி ஒன்று விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாத கண் பொம்மைக் கண் மாதிரி இருக்கும். தலையை லேசாக உங்கள் பக்கம் திருப்புகிற நொடிக்குக் காத்திருந்தால் அது வந்துவிடும்.

வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டரை நம்பக்கூடாத இடங்கள் மூன்று. வெளிச்சமான வானத்துக்கு எதிரே உட்கார்ந்த பறவை கறுத்துப்போகும், ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). சட்டகம் நிறையக் காக்கை என்றால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், முக்கால் ஸ்டாப் குறையுங்கள். இருண்ட செடிக்கு முன்னால் சின்னதாக ஒரு வெள்ளைப் பறவை என்றால் அதன் இறகு வெளுத்து வெறும் வெள்ளையாகிவிடும், இங்கேயும் ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்துப்போன இறகில் அப்புறம் எதையும் மீட்க முடியாது.

மௌன ஷட்டர் இருந்தால் கூச்சமுள்ள பறவைக்கு நல்லது, ஆனால் சாதாரண கேமராக்களில் மௌனமாக எடுத்தால் வேகமாக அடிக்கிற சிறகு படத்தில் வளைந்து தெரியும். உட்கார்ந்ததற்கு மௌனம், பறப்பதற்குச் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் நொடியைப் பிடிப்பது வேகத்தைவிட முன்னறிவைப் பொறுத்தது. பறவை எழுவது பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான். ஆகவே காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வருகிற நாளில் அது உங்களை நோக்கி எழும். எழும்புமுன் உடம்பைத் தாழ்த்தும், பல தடவை எச்சமிடும், அதைப் பார்த்ததும் விரலை அழுத்துங்கள். சில புதிய கேமராக்கள் நீங்கள் அழுத்துவதற்கு அரை நொடி முன்னாலிருந்தே படங்களைச் சேமித்துவைக்கும், இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

நேரம்: சூரியன் எழுந்த இரண்டு மணி நேரமும் மறையுமுன் இரண்டு மணி நேரமும். உச்சி வெயிலில் சூடான தரையிலிருந்து எழுகிற அலையே நீள லென்ஸில் படத்தைக் கலக்கிவிடும், அதை லென்ஸின் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப்போகாதீர்கள்.

படி 7: பூச்சிகள்

உச்சி வெயில் இல்லாத, மேகம் மூடிய நாட்கள் இவர்களுக்கு. மேகம் என்பது இலவசமாகக் கிடைத்த பெரிய டிஃப்யூசர், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்குகிற திரை. விடிகாலையில் இன்னும் நல்லது. பட்டாம்பூச்சியாலும் தட்டானாலும் உடம்பு சூடேறாமல் பறக்க முடியாது, பனித்துளி பூத்தபடி அசையாமல் இருக்கும். வெயில் ஏறியதும் சிறகை விரித்துக் காயும், அது இரண்டாவது படம். இந்த நேரத்துக்கு எழுந்திருக்கச் சோம்பல்பட்டுப் பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அந்த வேலை.

மிக நெருங்கி எடுக்கிற மேக்ரோ லென்ஸ் இல்லையென்றால் உங்கள் ஜூமின் முன்னால் மாட்டுகிற ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாதிரியான குளோஸ்-அப் லென்ஸ், அல்லது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் போடுகிற எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். இந்த நெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் ஃபோகஸில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் ஃபோகஸை மேனுவலில் வைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, கண் தெளிகிற கணத்தில் அழுத்துங்கள். பத்தில் ஒன்று வரும். கேமராவைப் பூச்சியின் உடம்புக்கு இணையாகப் பிடித்தால் முழு உடலும் ஒரே தளத்தில் விழும், பக்கவாட்டுப் பட்டாம்பூச்சிக்கு இது ஒன்றே மந்திரம்.

ஃபிளாஷ் போடுவதானால் டிஃப்யூசரைப் பூச்சிக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு மென்மையாக இருக்கும் வெளிச்சம். மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக்கோ எண்ணெய்க் காகிதமோ ஒட்டிய அட்டைப்பெட்டி போதும். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் ஏறக்குறைய 1/10,000 நொடிதான் எரியும், கை நடுங்கினாலும் படம் நடுங்காது. உங்கள் நிழல் பூச்சிமேல் விழாமல் அணுகுங்கள், காலடியைவிட நிழல்தான் விரட்டும்.

படி 8: இரவு

இரவில் உங்கள் கொல்லைக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள டிரெயில் கேமரா ஒன்று போதும். உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே எடுக்கும். இந்த யோசனைக்கு வயது அதிகம். ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர் விலங்கு கம்பியை இழுத்ததும் ஃபிளாஷ் வெடித்துத் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்கிற மாதிரி அமைத்தார். அவருடைய 74 படங்கள் 1906 ஜூலை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வந்தன.

முழங்கால் உயரத்தில், மதிலோரத்து வழித்தடத்தைச் சாய்வாகப் பார்க்கிற மாதிரி கட்டுங்கள். கிழக்கையோ மேற்கையோ பார்க்க வேண்டாம், சூரியன் நேரே விழும். முன்னால் ஆடுகிற இலைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் எண்ணூறு இலைப் படம் இருக்கும், என் முதல் இரவின் அறுவடை அதுதான். வாங்கும்போது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என்றால் கண்ணுக்கே தெரியாது, 850 என்றால் லேசான சிவப்புப் புள்ளி தெரியும் ஆனால் வெளிச்சம் தூரம் போகும்.

ஆந்தைக்கும் வௌவாலுக்கும் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

படி 9: கூடு தெரிந்தால்

எடுக்காதீர்கள். மறைக்கிற இலையை ஒதுக்கினால் வெயிலும் காக்கையும் உள்ளே வரும், நீங்கள் அடிக்கடி போய்வருகிற தடத்தைப் பூனை கவனிக்கும், தாய் பயந்து முட்டையை விட்டுவிடலாம். ஜன்னலுக்குள்ளிருந்து, அது உங்களைக் கண்டுகொள்ளாத தூரத்தில், தாய் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தால் மட்டும் சில நிமிடம் எடுக்கலாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடுவதும் இனப்பெருக்கக் காலத்தில் இதே வகைத் தொல்லைதான். தொல்லை இருவழிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம்: பறவைப் படங்களுக்குப் பேர்போன எரிக் ஹாஸ்கிங் 1937-இல் கூட்டுக்குப் பக்கத்தில் ஆந்தை ஒன்று தாக்கி ஒரு கண்ணை இழந்தார்.

பாம்பு வந்தால் நீள லென்ஸ், தூரம், அசையாமை. அதை அழகான இடத்துக்கு நகர்த்தும் யோசனை வந்தால் கேமராவை மூடிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

படி 10: எடுத்தபிறகு

ரா (RAW) வடிவத்தில் எடுங்கள், கேமரா சுருக்கித் திருத்தாத முழுக் கோப்பு அது. அன்றே உட்கார்ந்து கண் கூர்மையில்லாததை எல்லாம் அழியுங்கள், மறுநாள் ஆனால் பாசம் வந்துவிடும். கிராப் செய்யும்போது ஒரு கணக்கு ஞாபகம் இருக்கட்டும்: 24 மெகாபிக்சல் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். திரையில் பார்க்க அது போதும், சுவரில் பெரிதாக மாட்டப் போதாது. பறவை பார்க்கிற பக்கம் கொஞ்சம் அதிக இடம் விடுங்கள். நிறத்தை ஏற்றுவதில் கை கட்டுப்பாடாக இருங்கள், இலை ரேடியம் மாதிரி மின்னக்கூடாது.

பெயர் தெரியாதவற்றை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் அடையாளம் சொல்வார்கள். அங்கே இடத்தை மறைத்துப் பதிவிடும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இடங்களில் பகிருமுன் படத்துக்குள் ஒட்டியிருக்கிற ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். அது உங்கள் வீட்டு முகவரி, ஆந்தையின் முகவரியும்கூட.

கடைசியாக, இவ்வளவு பெரிய லென்ஸை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு தினமும் காலையில் நீங்கள் உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். அவர்கள் ஜன்னல் படாத கோணமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எடுத்ததில் நல்ல படங்கள் பத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டும் வாருங்கள். நான் அப்படிக் காட்டப் போன அன்றுதான், என் கொல்லையில் எட்டு மணிக்குமேல் காணாமல் போகிற அந்த ஓணான் மீதி நாளெல்லாம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது. அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அதற்கு இன்னொரு கல் இருக்கிறது.